கேனில் இருக்கும் பெட்ரோலை முதலில் வீட்டுக்கு வெளியே எடுங்கள்

வாசகி ஒருவரின் கடிதம்:

"அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறோம். என் கணவர் பெட்ரோல் ஆட்டோ ஓட்டுகிறார். விடிகாலையில் மண்டபத்தில் இருந்து மீன்கார அக்காமாரை ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரம் ஸ்டாண்டு. நான் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் 'நாளையில் இருந்து பங்க் எல்லாம் மூடப்போகிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது. அதைக் கேட்டதில் இருந்து அவர் மூன்று நாளில் ஐந்து தடவை வரிசையில் நின்று டேங்கை நிரப்பி, வீட்டுக்கு வந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி, இரண்டு தண்ணீர் கேன்களில் பிடித்து வைத்திருக்கிறார். 35 லிட்டர் இருக்கும். அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். வீடெல்லாம் வாடை. சின்னவளுக்குத் தலைவலி. சொன்னால், 'நாளைக்கு வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியுமா?' என்று கேட்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்கிறேன். இப்படி வைத்திருப்பது சரியா? செலவைக் குறைக்க வேறு வழி உண்டா? கூலியை ஏற்றிக் கேட்டால் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள், அதற்கு என்ன செய்வது?"

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை என் வண்டி ரிப்பேர் பட்டறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். கேட்டிருக்கும் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேன்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். தாழ்வாரத்தில் லைட்டையோ ஃபேனையோ போடவும் வேண்டாம், எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சைத் தட்டும்போது வரும் சின்னப் பொறி போதும். பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, கேன்களை மூடி இறுக்கி, வீட்டைவிட்டுத் தள்ளி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டாம். தூக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள், பீடி சிகரெட் இல்லாமல்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று சொல்கிறேன். பெட்ரோலில் எரிவது அந்தத் தண்ணி அல்ல, அதில் இருந்து எழும்பும் ஆவி. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும். கடும் குளிரில்கூட பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்றால், நம் ஊர் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். வீடெல்லாம் வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். வாடை வருகிறது என்றால் ஆவி வந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் கேனின் மூடி தண்ணீரை நிறுத்தச் செய்தது, ஆவியை நிறுத்த அல்ல. அந்தப் பிளாஸ்டிக்கும் பெட்ரோலைத் தாங்கும் வகை கிடையாது. நாள் ஆக ஆக இளகும், உப்பும், அடியில் கசியும்.

இது என் கண்ணால் பார்த்தது. பல வருஷத்துக்கு முன்னால் என் பட்டறையில் சாமான் கழுவுவதற்காக அகலமான தட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தேன். அப்போது எனக்கு அது பழக்கம், யாரும் தப்பென்று சொன்னதில்லை. சாயங்காலம் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்த என்னிடம் வேலை பார்த்த பையன் தீப்பெட்டியை உரசினான். தட்டுக்கும் அவனுக்கும் பத்தடி தூரம் இருக்கும். நீல நிறத்தில் ஒரு கோடு தரையில் ஓடியதைத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை வெந்துபோய் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது சொந்தமாகக் கடை வைத்து நன்றாக இருக்கிறான், ஆனால் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அன்றைக்குத் தட்டில் இருந்தது ஒரு லிட்டர்கூட இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது 35.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கலாம் என்று சொல்லும் பெட்ரோல் பொதுவாக 30 லிட்டர்தான். அதுவும் இறுக்கமாக மூடிய உலோகப் பாத்திரத்தில், ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் போகாமல். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர். தண்ணீர் கேன் இதில் எதிலும் சேராது. வண்டி வைத்திருப்பவர் தன் வண்டிக்கென்று அதைவிடக் கூடுதலாக வைக்கச் சட்டம் இடம் கொடுத்தாலும், 30 லிட்டரைத் தாண்டினால் ஆட்கள் இருக்கும் அறையோடு சேராத தனி இடத்தில்தான் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் இருப்பு அந்த 30-ஐத் தாண்டிவிட்டது, இருப்பதோ கட்டிலுக்கு அடியில். 30 லிட்டர் வரை சட்டம் விடுகிறதே என்று அடுப்படிப் பக்கத்தில் வைத்துவிடவும் கூடாது. சட்டம் அளவு பார்க்கும், தீ அளவு பார்ப்பதில்லை.

அப்புறம் அந்த வாயால் உறிஞ்சும் வேலை. என் பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வதை மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள்: இனி ஒரு தடவைகூட வேண்டாம். வயிற்றுக்குள் போனால் ஒரு வேதனை என்றால், இருமும்போது நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலும் போதும், நெஞ்சு வெந்து மூச்சு விடமுடியாமல் போய்விடும். யாராவது தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்கு ஏறும். 108-ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரி.

சரி, வெளியே எடுத்து வைத்த 35 லிட்டரை என்ன செய்வது? சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கம் நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊற்றே குறைவு, அதில் இறங்கினால் பல வருஷத்துக்குக் குடிக்க முடியாது. வண்டியில் போட்டுத் தீர்ப்பதுதான் வழி. ஆனால் முதலில் ஒரு சோதனை. ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் அரை டம்ளர் அளவு எடுத்து, அசையாமல் ஒரு மணி நேரம் வெளியிலேயே வையுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? சரியாக மூடாத கேனில் ஈரம் சேர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பாட்டிலில் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அதை வண்டியில் ஊற்றக் கூடாது. என்னை மாதிரி ஒரு பட்டறைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரே நிறத்தில் தெளிவாக இருந்தால் பயமில்லை. பகல் நேரத்தில், திறந்த வெளியில், இன்ஜின் நன்றாக ஆறின பிறகு, வலை வைத்த புனல் போட்டு ஆட்டோவிலும் ஸ்கூட்டியிலும் ஊற்றுங்கள். கேனைத் தரையில் வைத்துச் சின்ன உலோகப் பாத்திரத்தில் எடுத்து எடுத்து ஊற்றுவது நல்லது. செல்போன் டார்ச் வேண்டாம். கேன் தீரும்வரை மாப்பிள்ளை பங்க் பக்கமே போகத் தேவையில்லை, ஒரு வாரத்துக்கு அந்த வரிசையாவது மிச்சம்.

இப்போது மாப்பிள்ளையின் பயத்துக்கு வருகிறேன். அதைச் சின்னதாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை. தினக்கூலி வண்டிக்காரனுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் மறுநாள் தவணையும் நிற்கும். அதோடு நம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பயம் வெறும் ஆடியோவில் இருந்து வந்ததல்ல. 2022-இல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் என்ன நடந்தது என்று நமக்கு நேரிலேயே தெரியும். பெட்ரோல் பங்க் வாசலில் நாள்கணக்கில் நின்றார்கள், நின்ற இடத்திலேயே சிலர் செத்தும் போனார்கள். அந்த மார்ச் மாதம் அரிச்சல்முனையில் படகில் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன குடும்பங்கள் சொன்ன கதையைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஜூலையில் அங்கே க்யூஆர் அட்டை போட்டு, பைக்குக்கு வாரத்துக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். ஆனால் அங்கே எண்ணெய் வாங்க நாட்டின் கையில் டாலரே இல்லை. கப்பல் வந்தும் காசு கொடுத்து இறக்க முடியாத நிலை. இந்தியாவின் நிலை வேறு. நாமும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் இருந்துதான் வாங்குகிறோம், அதனால் எங்கோ சண்டை என்றால் விலை ஏறும். அதை மறைக்க முடியாது. ஆனால் வாங்கிச் சுத்திகரித்த பெட்ரோலையும் டீசலையும் வெளிநாட்டுக்கு விற்கிற நாடு இது. விலை ஏறுவதும், இல்லாமல் போவதும் இரண்டு வேறு விஷயம். மாப்பிள்ளை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுவிட்டார்.

அப்படியானால் சில நாள் பங்க்கில் 'நோ ஸ்டாக்' பலகை ஏன் தொங்குகிறது என்று கேட்பார். நம் பங்க்குகளுக்கு டேங்கர் லாரி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர வேண்டும். ராமேஸ்வரம் தீவு என்றால் சாலைக்கு இருப்பது அந்த ஒரு பாலம்தான். பங்க்காரர் தன் வழக்கமான விற்பனையைக் கணக்குப் பார்த்துத்தான் லோடு எழுதுவார். தினமும் நூறு ரூபாய்க்குப் போடுகிற பைக்காரர் எல்லாரும் ஒரே சாயங்காலம் டேங்க் நிறையப் போட்டால், ஆறு நாளைக்கு வைத்திருந்தது அன்றைக்கு ராத்திரியே தீர்ந்துவிடும். மறுநாள் லாரி வரும்வரை பலகை தொங்கும். அந்தப் பலகையை ஒருவர் படம் பிடித்து அனுப்புவார், அது அடுத்த ஊர் பங்க்கைக் காலி செய்யும். 2024 ஜனவரி முதல் இரண்டு நாள் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வடக்கே பல மாநிலங்களில் இதுதான் நடந்தது. இரண்டாம் தேதி ராத்திரி பேச்சுவார்த்தையில் முடிவுக்கு வந்தது, லாரிகள் ஓடத் தொடங்கின, வரிசையும் கலைந்தது. கேன் கேனாகப் பிடித்தவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

நம் மீனவர் கிராமங்களில் வெளி இன்ஜின் வைத்த வள்ளக்காரர் கேனோடுதான் பங்க்குக்கு வர வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை. ஊரே கேன் தூக்கினால் முதலில் அவர்தான் திரும்பிப் போவார். இதையும் மாப்பிள்ளை காதில் போடுங்கள். மண்டபத்தில் அவர் ஏற்றுகிற அக்காமாரின் கூடைக்கு மீன் வருவது அந்த வள்ளத்தில் இருந்துதான்.

இப்போது பணக் கணக்கு. பேசுவதைவிட இது மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும். விலை லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் 35 லிட்டர் பிடித்து வைத்ததில் லாபம் 70 ரூபாய். அவ்வளவுதான். நமக்கு நினைவில் இருக்கும் மோசமான ஏற்றம் 2022 மார்ச் 22-இல் ஆரம்பித்தது. பதினாறு நாளில் பதினான்கு தடவை ஏற்றி, மொத்தம் 10 ரூபாய் கூட்டினார்கள். அந்த அளவு ஏறினால்கூட இந்த 35 லிட்டரில் கிடைப்பது 350 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தடவை. ஐந்து தடவை வரிசையில் நின்றாரே, அந்த நேரத்துக்கு எத்தனை சவாரி போயிருக்கும் என்று அவரையே கேளுங்கள்.

பணம் போகிற ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் ஆட்டோ ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 25 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4 லிட்டர், 400 ரூபாய். பிரேக் பிடித்துக்கொண்டும் காற்று குறைந்தும் அதே வண்டி 21 தான் கொடுக்கிறது என்றால் 476 ரூபாய் ஆகும். தினம் 76 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 1,900. விலையே ஏறாவிட்டாலும் இது மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. பட்டறையில் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், 'மைலேஜ் கொடுக்கவில்லை அண்ணே' என்று வரும் நம் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது.

கோளாறு உப்பில் இருக்கும். பாம்பன் காற்றும் மண்டபத்துக் காற்றும் வீட்டு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று பாருங்கள், அதையேதான் பிரேக் டிரம்முக்குள்ளும் செய்கிறது. பிரேக் ஷூவை இழுத்து வைக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து வலு இழந்துவிடும். வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மிதியை விட்ட பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும். ஓட்டுகிறவருக்கு இது தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதால் கால் பழகிவிடும். மீன் கூடையில் இருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் பின்சக்கரத்துப் பக்கம் இறங்குகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். சமதரையில் ஆட்டோவை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு ஒரு கையால் தள்ளச் சொல்லுங்கள். லேசாக உருள வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப் பகுதியிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதில்தான் பிரேக் பிடித்திருக்கிறது. உங்கள் ஸ்கூட்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், உரசும் சத்தம் கேட்டுச் சட்டென்று நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டிரம்மைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, அட்ஜஸ்ட் செய்வது அரை நாள் வேலை. நம் கடற்கரை வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும் என்பது என் கணக்கு, கம்பெனிப் புத்தகத்தில் அப்படி இருக்காது. மீன் சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிடச் சொல்லுங்கள். ஒரு வாளி போதும்.

டயர் காற்று அடுத்தது. வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் டயர் சூடாகும் முன்னால். எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். பங்க்கில் காற்று இலவசம், கேட்டு வாங்குங்கள். 'மிஷின் ரிப்பேர்' என்றால் அடுத்த பங்க். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். நம் ரோட்டில் பறப்பது கடற்கரை மணல், மாவு மாதிரி நைஸாக இருக்கும், உள்ளே படிந்து மூச்சை அடைக்கும்.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆடி மாதம் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது கிழக்கே இருந்து மேற்கே, அதாவது மண்டபத்தில் இருந்து ராமநாதபுரம் நோக்கி வரும் வண்டிக்கு எதிர்க்காற்று. மாப்பிள்ளையின் விடிகாலைச் சவாரி சரியாக அந்தத் திசைதான். ஆட்டோவின் முகமும் படுதாவும் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். வேகம் கூடக் கூட காற்றின் தடை அதைவிட வேகமாகக் கூடும். மார்க்கெட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பி நாற்பதில் வந்தால் போதும். ஐம்பத்தைந்தில் முறுக்கிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசத்தை ஒரே வாரத்தில் பார்க்கலாம். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிடட்டும். ஆனால் பாம்பன் பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் தெளிப்பது தானாகக் குறையும், நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை. பக்கக் காற்று தள்ளும் இடத்தில் வண்டி கைக்குள் இருக்க வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் விற்க வருகிற மைலேஜ் மாத்திரை, டியூபில் கட்டும் காந்தம் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். இன்ஜினும் போகும், பிடிபட்டால் வழக்கும் வரும். வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டோவில் மாட்டுவது அதைவிட மோசம். அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை; பங்க்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மத்தியானத்துக்கும் சூடு அதிகம் மாறாது.

அளவில் சந்தேகம் என்றால் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும், கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. வரிசை நீளமாக இருக்கும் நாளில் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள்.

சேமிப்பு வேண்டும் என்ற மாப்பிள்ளையின் ஆசைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதற்கென்றே செய்த பாத்திரம் வண்டியிலேயே இருக்கிறது. ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டு நூறு ரூபாய்க்குப் போடும் பழக்கத்தை விட்டு, டேங்க் பாதிக்குக் குறையும்போதே நிரப்பிவிடட்டும். 8 லிட்டர் டேங்கில் பாதி என்றால் ஒரு நாள் ஓட்டம் எப்போதும் கையில் இருக்கும். லாரி ஒரு நாள் தாமதமானாலும் வண்டி நிற்காது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பு டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் சூடாகாமல் ஓடுகிறது, அதனால் காலி டேங்கில் ஓட்டாமல் இருப்பது பம்ப்புக்கும் நல்லது. இதற்கு ஒரே ஒரு தடவை கூடுதலாக நானூறு ரூபாய் புரட்ட வேண்டியிருக்கும், அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாலு நாளில் தினம் நூறு நூறாகச் சேர்த்துக்கூட அந்த நிலைக்கு வந்துவிடலாம்.

உங்கள் ஸ்கூட்டிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடை நேரத்துக்குச் சாதாரண நகரப் பேருந்து ஒத்துவந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது அதில் போய்ப் பாருங்கள், பெண்களுக்கு அதில் டிக்கெட் காசு இல்லை. உச்சிப்புளியில் நிற்கும் ரயில் நேரத்தையும் விசாரியுங்கள். ஸ்கூட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள். ராத்திரி கடை மூடி வரும் நேரத்தில் கையில் வண்டி இருப்பது பெட்ரோல் காசைவிடப் பெரிது.

கூலி விஷயம். இதில் நான் சவாரிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியிருக்கிறது என்றால், தினம் 4 லிட்டருக்கு மாப்பிள்ளைக்குக் கூடும் செலவு 20 ரூபாய். ஒரு நாளில் 40 பேர் ஏறி இறங்குகிறார்கள் என்றால் தலைக்கு 50 காசு. அதற்கு ஆளுக்குப் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டால் சண்டை வரத்தான் செய்யும். மீன் கூடையோடு ஏறுகிற அக்காவுக்கும் அதே பத்து ரூபாய் அன்றைய சோறு. டயர், ஆயில், இன்சூரன்ஸ் எல்லாமும் ஏறியிருக்கிறது என்பது உண்மை, அதனால் ஒன்றுமே ஏற்றக் கூடாது என்று சொல்லவில்லை. தனியாக ஏற்றாமல் ஸ்டாண்டில் எல்லாரும் சேர்ந்து பேசி, ஒரே தொகையாக, ஒரு தேதி குறித்து, ஒரு வாரம் முன்னாலேயே சொல்லட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் மாத நடுவில் கேட்காமல் மாதம் பிறக்கும்போது கேளுங்கள். இறங்கின பிறகு 'இன்னொரு பத்து' என்று கேட்பதுதான் மனிதர்களுக்கு வலிக்கிறது. விலை குறைந்தால் குறைத்துக்கொள்வோம் என்று சேர்த்துச் சொல்லி, குறைந்தபோது குறைக்கவும் வேண்டும். 2022 மே மாதம் மத்திய வரியைக் குறைத்து பெட்ரோலில் 8 ரூபாய் இறங்கியபோது கூலியை இறக்கிய ஆட்டோ எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இல்லை. ஜனங்கள் அதை மறக்கவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கேன் தீர்ந்ததும் ஒரே பங்க்கில், பெட்ரோல் போடும் நாசில் தானாக நிற்கும்வரை போட்டு, வண்டி மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். மூன்று நாள் ஓடிய பிறகு அதே மாதிரி போட்டு, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவதாகப் போட்ட லிட்டரால் வகுத்தால் வண்டியின் உண்மையான மைலேஜ் தெரியும். அதை எழுதிக்கொண்டு ஆட்டோவையும் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. பின் டிரம் இரண்டையும் அவர் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டுகிறேன்.

கடைசியாகக் காலியாகும் அந்தக் கேன்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதில் இனித் தண்ணீர் பிடிக்காதீர்கள். காலிதானே என்று அடுப்படிக்குள் கொண்டுவந்துவிடவும் வேண்டாம். நிறைந்த கேனைவிடக் காலிக் கேனுக்குள்தான் ஆவி அதிகம். மூடியைத் திறந்து, நிழலில், வெட்டவெளியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இரண்டு நாள் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் கத்தியால் கிழித்துப் போட்டுவிடுங்கள். பழக்கதோஷத்தில் சூட்டுக்கோல் வைத்துத் துளை போட மாப்பிள்ளை கிளம்பினால், கையைப் பிடித்து நிறுத்திவிடுங்கள்.